கள்ளிமுனைக்கு அடிகள் திரும்பி வந்தபோது

ஐப்பசி மழை ஓய்ந்து, உப்பளப் பாத்திகளில் நின்ற தண்ணீரில் மேகம் அப்படியே விழுந்து கிடந்த ஒரு நாளில், காலை பத்தரை மணி வாக்கில், எங்கள் ஊரில் உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கியின் வாசலில் அடிக்க ஒரு கையும் இல்லாமல், அடிபட ஒரு முதுகும் இல்லாமல், ஒரு சாட்டையடி விழுந்தது. அடுத்த நொடி ஓர் ஆணின் குரல் "எசமானே, பிள்ளையளுக்குக் கஞ்சிக்குத்தான் எடுத்தேன் எசமானே" என்று அலறியது. மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஊசியை அப்படியே பிடித்தபடி உட்கார்ந்திருக்க, அடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொன்று விழுந்து, குரல் தேய்ந்து, கடைசியில் ஈ பறக்கிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்த வாசலில் வைத்தாள். அடிபட்டவனுக்குத் தாகம் எடுக்கும் அல்லவா என்று அவள் சொன்னது எங்கள் எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது.

கள்ளிமுனையில் விழுந்த அடிகள் திரும்பி வர ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் உப்பள வரப்பில் இரண்டு இடங்களில் விழுந்தது. அதற்கு மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் பின்புறத்தில் விழுந்தது. பிறகு பெரிய வீட்டுத் தொழுவத்தில், தோணித்துறையில், வீடுகளின் அடுப்படியில், பள்ளிக்கூடத்தின் ஒவ்வொரு வகுப்பறையிலும் விழுந்தது. எந்த இடத்தில் எந்த நேரத்துக்கு அந்த அடி முன்பு விழுந்ததோ அந்த இடத்தில் அந்த நேரத்துக்கு ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போனது. அடியின் சத்தம் வரும், பட்டவரின் குரல் வரும், அடித்தவரின் குரல் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

கணக்கைக் கண்டுபிடித்தவர் ரேஷன் கடை பட்டமுத்து. முதல் நாளிலிருந்தே டைரியில் குறித்துக்கொண்டு வந்த அவர், பள்ளிக்கூடத்துச் சத்தங்கள் தொடங்கிய பிறகு ஒன்றைக் கவனித்தார். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் முழுக்கப் பள்ளிக்கூடம் சத்தமில்லாமல் கிடந்தது. அந்த ஒரு நாள் மே மாத லீவு என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அப்படியானால் ஒரு நாளைக்கு ஒரு மாதம் திரும்பி வருகிறது, பன்னிரண்டு நாளில் ஒரு வருஷம். உப்பு அள்ளப் போனவர்களைப் போலீஸ் அடித்த நாளும் வருஷமும் கடற்கரை நினைவுத்தூணில் செதுக்கியிருந்ததால், அந்தத் தடியடியின் சத்தம் வந்த நாளை வைத்து எல்லாவற்றையும் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்து, முதல் சாட்டையடி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று ஜனவரி என்று சொன்னார். அன்றிலிருந்து 'சீனி உண்டு, பாமாயில் இல்லை' என்று எழுதுகிற கரும்பலகையின் மேல்வரியில் 'இன்று: 1930 ஏப்ரல்' 'இன்று: 1930 மே' என்று தினமும் எழுதிவைத்தார். நாங்கள் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் அன்றாட வேலைக்குப் போனோம்.

மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள். ஆட்டோக்காரர்கள் ஸ்டேஷன் முக்கைச் சுற்றி வேறு தெருவழியாகப் போகப் பழகினார்கள். பள்ளிக்கூடத்தைப் பஞ்சாயத்து மண்டபத்துக்கு மாற்றினார்கள். பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் பழைய கட்டடத்துக்குள் தகரக்கூரையில் பெய்கிற மழைபோல அடிகள் விழுந்துகொண்டிருந்ததால் அங்கே வாய்ப்பாடுகூடச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள், பெண்ணின் தாத்தா காலத்தில் அந்த வீட்டில் என்ன சத்தம் வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வந்தார்கள். தன் அப்பாவைக் கடைசி வரை மன்னிக்காத மளிகைக்கடை ஜோதிமுத்து, நாற்பத்தேழாம் வருஷத்து ஒரு மத்தியானத்தில், அந்த அப்பா ஆறு வயசுப் பையனாகத் தூணில் கட்டப்பட்டு "தண்ணி, தண்ணி" என்று கேட்ட குரலைக் கேட்டுவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். சாயங்காலம் வரை அங்கிருந்து வரவில்லை.

பெரிய வீட்டுத் தொழுவத்தில் முப்பத்தெட்டாம் வருஷத்து ஆகஸ்ட் வரும் நாளில், காலனியிலிருந்து எலக்ட்ரீசியன் இசக்கிராஜ் வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். அவனுடைய பூட்டனை, தோளில் துண்டு போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததற்காக அந்தத் தொழுவத்தில் கட்டிவைத்து அடித்தது அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பெரிய வீட்டின் இப்போதைய சொந்தக்காரர் கேட்டைத் திறந்துவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க தம்பி."

"உக்காரல. நின்னே கேட்டுக்கிடுதேன்" என்றான் இசக்கிராஜ்.

முப்பத்தொரு அடிகளையும் நின்றே கேட்டான். நாற்காலி போட்டவரும் உட்காரவில்லை. மறுநாள் அவர் ஆள்வைத்துத் தொழுவத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார். ஆனாலும் அடுத்தடுத்த மாதத்து அடிகள் வெறும் வெயிலில், சுவரில்லாத இடத்தில், அதே இடத்தில் விழுந்தன.

இதையெல்லாம் கேட்ட பிறகு எங்கள் ஊரில் யாரும் யாரையும் கைநீட்டியிருக்க மாட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு அடித்தால் நாளைப்பின்னே பேரன்மார் காதில் விழும் என்று கைகள் பயந்தன. பிறகு சிலர், ஊர் எல்லை உப்பாற்றுப் பாலத்தோடு முடிகிறது, பாலத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் எதுவும் திரும்பி வருவதில்லை என்று கண்டுகொண்டார்கள். அதன்பின் சாயங்காலங்களில் பிள்ளைகளை பைக்கில் பின்னால் உட்காரவைத்துப் பாலத்தைத் தாண்டிப் போகிற தகப்பன்மார்களைப் பார்க்க முடிந்தது. திரும்பி வரும்போது பிள்ளைகள் கையில் ஐஸ் இருக்கும். நாங்கள் அதைப் பார்த்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இனி உலகம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உலகம்மாளுக்கு அப்போது அறுபத்திரண்டு வயசு. பதிமூன்று வயசிலிருந்து உப்பளத்தில் உப்பு வாரியவள். உள்ளங்கால் வெடித்து, கண் கூசிக் கூசிச் சுருங்கிப்போனவள். உப்பளக் குடியிருப்பில் கடைசி வீடு அவளுடையது. புருஷன் லோடு ஏற்றுகிற வேலைக்கு பம்பாய் போகிறேன் என்று எண்பத்துநாலில் போனவன்தான், அதற்குப் பின் கடுதாசிகூடக் கிடையாது. பூங்கனி என்று ஒரு பெண்பிள்ளை இருந்தது. நாலாம் வகுப்பு படிக்கும்போது, ஒன்பது வயசில், மூளைக்காய்ச்சலில் செத்துப்போனது.

காய்ச்சலில் செத்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். ஊர் அப்படிச் சொல்லவில்லை. நாலாம் வகுப்பு சுகிர்தம் டீச்சர் மரஸ்கேலால் அடித்ததும், அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளை கண்ணைச் சொருகிக்கொண்டு விழுந்ததும், மூன்றாம் நாள் துணியில் சுற்றி வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையைப் புதைத்த கையோடு உலகம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிரேயர் நடந்துகொண்டிருந்த இடத்தில், அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால், இரண்டு கையாலும் மண்ணை அள்ளி டீச்சர்மேல் தூற்றினாள்.

"எம் பிள்ளைய நான் ஒரு அடி அடிச்சதில்லையே! என் வீட்டுல அடிக்கிற கை கிடையாதே! கொன்னுட்டியேடீ!"

சுகிர்தம் டீச்சர் தலையிலிருந்த மண்ணைத் தட்டாமல் அப்படியே நின்றார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை இருபத்துநாலு வருஷம் அவர் ஒரு பிள்ளைமேலும் கைவைக்கவில்லை. அவருடைய வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று ஹெட்மாஸ்டர்கள் மெமோ கொடுத்தார்கள். அப்போதும் அடிக்கவில்லை. ஆனால் ஊர் அவரை அந்த ஒரு நாளோடு சேர்த்துத்தான் வைத்திருந்தது. அவரைப் பெண் கேட்டு வந்த ஒன்றிரண்டு இடமும் நின்றுபோய், சர்ச் தெருவில் தனியாகவே இருந்தார்.

அடிகள் திரும்பி வரத் தொடங்கி ஒன்றரை வருஷம் வரை உலகம்மாள் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சேர்மக்கனி, தன் செத்துப்போன அண்ணனின் சின்ன வயசுக் குரலைக் கேட்டதாகச் சொல்லி அழுதாள். "அப்படியே அவன் சத்தம் மதினி. சளி பிடிச்ச மாதிரி மூக்கால பேசுவான்லா, அப்படியே." உலகம்மாள் குடத்தை நிரம்பி வழியவிட்டு நின்றாள்.

அவளிடம் பூங்கனியின் போட்டோ ஒன்றுகூட இல்லை. முகம் ஞாபகத்தில் இருந்தது, காதுமடலில் இருந்த மச்சம்வரைக்கும் இருந்தது. குரல் மட்டும் போய்விட்டது. எவ்வளவோ வருஷமாக, உப்பு வாரும்போதும் கஞ்சி குடிக்கும்போதும், அந்தப் பிள்ளை 'அம்மா' என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் அவளுடைய சொந்தக் குரல்தான் வந்தது.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள்.

"ஏய்யா பட்டமுத்து, தொண்ணூத்தொண்ணு ஜூலை மாசம் என்னைக்கு வரும்?"

பட்டமுத்து டைரியைப் புரட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். "வார வருஷம் ஆடி பொறக்குறதுக்கு முந்தின நாளு உலகக்கா. தொள்ளாயிரத்து அறுபத்தேழாவது நாளு."

"பாக்காமலே சொல்லுத?"

"டீச்சர் ஏற்கெனவே வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்கக்கா. போன வருஷமே."

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவள் காத்திருந்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தவளைப் போலக் காத்திருந்தாள். எண்பத்தொன்றாம் வருஷம் பலகையில் ஏறியபோது அவளுடைய வீட்டிலும் சத்தம் வந்தது. புருஷன் அடித்த அடிகள். ஒரு சின்னப்பெண் "வேண்டாம், வயித்துல பிள்ள இருக்கு" என்று கெஞ்சினாள். அது தானேதான் என்று புரிந்துகொள்ள உலகம்மாளுக்குக் கொஞ்சநேரம் ஆனது. எண்பத்துநாலோடு அந்தச் சத்தங்களும் நின்றன. அதற்குப்பின் அந்த வீட்டில் ஈரத்துணி சொட்டுகிற சத்தம்தான்.

எண்பத்தேழு வந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். நாலாம் வகுப்பு அறையின் வெளியே வேப்பமரத்தடியில் முக்காடு போட்டு உட்கார்ந்து, காதைப் பழக்கினாள். ஸ்கேலைப் படுக்கையாக வைத்து அடிக்கிற சத்தம், விளிம்பால் அடிக்கிற சத்தம், பிரம்பு, டஸ்டர்க்கட்டை, தலையில் குட்டுகிற சத்தம் எல்லாவற்றையும் பிரித்துத் தெரிந்துகொண்டாள். "சார், இல்ல சார்", "இனிமே செய்யமாட்டேன் டீச்சர்", "அய்யோ அம்மா" என்று நூறு பிள்ளைகளின் குரல் கேட்டது. எந்தப் பிள்ளையை யார் அடித்தாலும் கத்தும்போது அம்மாவைத்தான் கூப்பிட்டன. அன்றைக்கு எம் பிள்ளையும் என்னைக் கூப்பிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை நாளும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

நாள் நெருங்க ஒரு வாரம் இருக்கும்போது சுகிர்தம் டீச்சர் குடியிருப்புக்கு வந்தார். குடையை மடக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாதவர்கள்.

"உலகம்மா, அன்னைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வரலாமான்னு கேக்க வந்தேன். நீ வேண்டாம்னா வரல."

உலகம்மாள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வரணும். நீ அடிச்சது உன் காதுல விழணும்."

"எனக்கு அது நின்னதே இல்ல" என்றார் டீச்சர்.

"எனக்கு அது தெரியாண்டாம். காலைல இங்க வந்துரு. என் கூடத்தான் வரணும். ஊரு முழுக்க வேலிப்பக்கம் நிக்கும், கூட்டத்துல ஒளிஞ்சுக்கிடலாம்னு பாக்காத."

அந்த நாள் வந்தது. பட்டமுத்து பலகையில் 'இன்று: 1991 ஜூலை' என்று எழுதிவிட்டு, அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. ஆடிக்காற்று முன்கூட்டியே எழும்பி உப்புத்தூளைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனது. சேர்மக்கனி முதலான குடியிருப்புப் பெண்கள் விடிந்தும் விடியாமலும் பள்ளிக்கூட வேலிக்குப் போய் இடம் பிடித்துவிட்டதால் அந்த வரிசை வீடுகளில் ஆளில்லை. உலகம்மாள் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஆறரை மணிக்கு டீச்சர் வந்து வாசலில் நின்றார்.

"உள்ள வந்து இரு. மத்தியானந்தான?"

"ரெண்டேகால் இருக்கும். சாப்பாட்டு மணி முடிஞ்சு கணக்குப் பாடம்."

டீச்சர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். உலகம்மாள் காப்பி போடலாமா வேண்டாமா என்று அடுப்புப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான், ஏழு மணி ஆகியும் ஆகாமலும், கதவுக்குப் பின்னால், பாய் சுருட்டி வைக்கிற மூலையில், ஒரு அடி விழுந்தது.

உள்ளங்கை முதுகில் படுகிற சத்தம் அது. ஸ்கேலோ பிரம்போ இல்லை. இன்னொன்று விழுந்தது. பிறகு ஒரு பிள்ளையின் குரல், கொஞ்சம் கரகரத்து, தூக்கம் கலையாமல், மூச்சு வாங்கி வாங்கி:

"அடிக்காதம்மா... போறேன்ம்மா... பள்ளிக்கூடத்துக்குப் போறேன்ம்மா..."

மூன்றாவது அடி விழுந்தது. குரல் நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று கேட்டது. அவ்வளவுதான்.

உலகம்மாள் காப்பித்தூள் டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். இந்த வீட்டில் அந்த வருஷம் இருந்தது இரண்டு பேர். அடிபட்டது ஒருத்தி.

அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் எங்கே கிடந்ததோ, முழுசாக வந்தது. ஜூலை மாதம், உப்பு விளைகிற நேரம், ஏழரை மணிக்குள் அளத்தில் இறங்காவிட்டால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவான். பிள்ளை பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. தலை வலிக்குது என்றது, இன்னைக்கு ஒருநாள் வீட்டில் இருக்கிறேன் என்றது, இவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பொய் சொல்லுதா, கணக்குப் பாடத்துக்குப் பயந்து பொய் சொல்லுதா என்று நினைத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். தொடுகிற அந்தக் கையால்தான் மூன்று அடி வைத்தாள். பிள்ளை எழுந்து, முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு நடந்தது. இவள் அளத்துக்கு ஓடினாள்.

டப்பா கீழே விழுந்து தூள் சிதறியது. சுகிர்தம் டீச்சர் எழுந்து வந்து குனிந்து அதை அள்ளத் தொடங்கினார்.

"காத்து சத்தம் உலகம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"பொய் சொல்லாதீங்க டீச்சர்."

அவள் அவரை 'ங்க' போட்டுப் பேசியது முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"நீ வேல பாத்துக் கஞ்சி ஊத்துனவ. மூணு அடி. எல்லா வீட்டுலயும் விழுற அடி. அதுக்கு இல்ல அவ செத்தது."

"எதுக்கு செத்தா? சொல்லுங்க. உங்க அடிக்கா, என் அடிக்கா?"

டீச்சர் சிதறியதை அள்ளி முடித்தார். காப்பித்தூளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் வரை அவர்கள் இருவரும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஒரு மணிக்கு உலகம்மாள், "நான் வரல டீச்சர்" என்றாள். "நான் போயாகணும்" என்று டீச்சர் குடையை எடுத்தார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் உலகம்மாள் செருப்புகூடப் போடாமல் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள். நீலச் சேலையும் வெள்ளைச் சேலையுமாக இரண்டு பேரும் ஒன்றாக வருவதைப் பார்த்து வேலியோரம் நின்ற நாங்கள் வழிவிட்டோம். ஒருவர் முகத்திலும் இரக்கம் இல்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். டீச்சர் எப்படி நிற்கிறார் என்று பார்க்கத்தான் பாதிப்பேர் வந்திருந்தோம்.

நாலாம் வகுப்பில் அந்த மாதத்து அடிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் இருந்தது. இரண்டேகால் மணிக்கு, மூன்றாவது பெஞ்சு இருந்த இடத்தில், ஸ்கேலின் விளிம்பு விழுந்தது. குரல் வரவில்லை. இரண்டாவது விழுந்தது. குரல் வரவில்லை. மூன்று, நாலு, ஐந்து. இரண்டு வருஷம் எட்டு மாதமாக நாங்கள் கேட்ட ஆயிரக்கணக்கான அடிகளில் சத்தம் போடாத ஒருவரும் இருந்ததில்லை. கிட்டங்கி வாசலில் அடிபட்ட அந்த ஆம்பிளைகூட அலறினான். ஆறாவது. ஏழாவது. ஒரு முனகல்கூட இல்லை. பிறகு அந்த இடம் வெறுமனே கிடந்தது, பக்கத்து பெஞ்சில் வேறு யாரோ "டீச்சர், டீச்சர்" என்று அழுதார்கள்.

"அழல" என்றார் சுகிர்தம் டீச்சர். எங்களிடம் அல்ல, உலகம்மாளிடம். "மேசைல தலைய வச்சுப் படுத்திருந்தா. எந்திரின்னேன், எந்திரிச்சா. பதினாறாம் வாய்ப்பாடு கேட்டேன், என்னையே பாத்துட்டு நின்னா. ரெண்டு அடியோட விட்டிருப்பேன் உலகம்மா. அழாம நிக்காளே, எவ்வளவு திமிருன்னு நினைச்சேன். அழுறவரைக்கும் அடிக்கணும்னுதான் அடிச்சேன். ஏழாவது அடிக்கு என் கைதான் வலிச்சுச்சு. கை சுட்டுக் கெடந்துச்சு பிள்ளைக்கு. ஸ்கேல் வழியா எனக்குத் தெரியல."

வேலிப்பக்கத்திலிருந்து சேர்மக்கனிதான் முதலில் குனிந்தாள். ஒரு கை மண்ணை அள்ளி, "பாவி, நீ நல்லா இருப்பியா" என்று டீச்சரைப் பார்த்து ஓங்கினாள். இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள். உலகம்மாள் டீச்சருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"போடு. எம் மேல போடு. காலைல நான் மூணு அடி வச்சு அனுப்பினேன். அடிக்காதம்மா போறேன்னு சொல்லிட்டுத்தான் எம் பிள்ள இங்க வந்துச்சு. இங்க அழல, என்கிட்ட அழுதுச்சு. என் வீட்டுல விழுந்தத ரெண்டு காதாலயும் கேட்டுட்டு வாரேன். போடுங்களேன், ஏன் நிக்கீக?"

சேர்மக்கனியின் கையிலிருந்த மண் விரல்வழியாக இறங்கிப் போனது. என் பக்கத்தில் நின்ற ஓர் ஆள், தினமும் மகனைப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர், பைக் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு அவசரமாக ஏறிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தோம்.

அதற்குப்பின் நடந்ததைச் சேர்மக்கனி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மறுநாள் மத்தியானம் அவள் முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாளாம். டீச்சர் ஒரு தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்திருக்கிறார். உலகம்மாள் முந்தின நாளிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் அந்தக் கதவுமூலைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்திருக்கிறாள். பலகையில் அன்றைக்கு ஆகஸ்ட் என்று மாற்றி எழுதியாகிவிட்டது. அந்த வீட்டுக்கு இனி வரவேண்டிய அடி எதுவும் கிடையாது.

"கொஞ்சம் குடி உலகம்மா."

"டீச்சர், எனக்கு அந்தச் சத்தம் நிக்க மாட்டேங்கு."

"நிக்காது. எனக்கும் நிக்கல."

"அதச் சொல்லல டீச்சர். அவ சத்தம் என் மனசுல நிக்க மாட்டேங்கு. நேத்துக் கேட்டேன்லா, இப்ப நினைச்சுப் பாத்தா என் சத்தந்தான் வருது. மறுபடியும் போச்சு. ஒரு நாளுகூட என்கிட்ட இருக்கல."

டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா? நேத்துக் காலைல எப்படிச் சொன்னா? நீங்க ஒண்ணரை மாசம் அவளுக்குப் பாடம் எடுத்தீகளே. அவ எப்படிச் சொன்னாளோ அப்படி ஒரு தடவ சொல்லுங்க."

"என்னால ஆகாது உலகம்மா."

"வேற யாருட்ட போயி நான் கேக்க?"

சேர்மக்கனி மீன் ஆய்கிற அரிவாளை நிறுத்திவிட்டாளாம். பிறகு சுகிர்தம் டீச்சர், அறுபத்தேழு வயசுத் தொண்டையைச் சின்னதாக்கிக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக, நடுவில் உடைந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கிச் சொல்லியிருக்கிறார்.

"அடிக்காதம்மா... போறேன்ம்மா... பள்ளிக்கூடத்துக்குப் போறேன்ம்மா..."

"போக வேண்டாம்ட்டி" என்று உலகம்மாள் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாளாம். "நெத்தி சுடுதே. இன்னைக்கு வீட்டுலயே படுத்துக் கெட. அம்மாவும் வேலைக்குப் போகல."